25 விநாடியில் ஒரு முடிவு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி நான் எழுதிய ஒரு சின்னப் பதிலுக்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை அஃபென்ஸ் கோச் என்கிற மனிதரைப் பற்றியவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அவருக்கே.

அமெரிக்கன் ஃபுட்பால் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் பெரிய அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாரே, அவர் யார் மேடம்? (ஒரு கல்லூரி மாணவர்)

அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அணிக்குச் சொல்கிறவர் அவர்தான். இந்த ஆட்டத்தில் பந்து கையில் இருக்கும்போது ஆட 11 பேர், எதிரியைத் தடுக்க வேறு 11 பேர். முதல் 11 பேரை நடத்துவது அஃபென்ஸ் கோச்சின் வேலை. சில அணிகளில் அவர் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர்; ஆண்டி ரீட், ஷான் மெக்வே போன்றவர்கள் ஹெட் கோச் ஆன பிறகும் அந்த வேலையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னால் யார் எங்கே ஓடுவது, பந்து யாருக்கு என்ற திட்டத்தை, அதாவது ஒரு ‘ப்ளே’ சொல்லியாக வேண்டும். ஒரு ப்ளே முடிந்ததும் பொதுவாக 40 விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கோச்சின் குரல், பந்தை வாங்கி எறியவோ கைமாற்றவோ செய்கிற குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதில் ஸ்பீக்கர் இருக்கிறது என்று அர்த்தம். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ தானாகவே அறுந்துவிடும். ஆக, கோச்சுக்குக் கிடைப்பது 25 விநாடி. அதற்குள் போன ப்ளேயில் என்ன நடந்தது, எத்தனை கெஜம் வேண்டும், எதிரணி யாரை உள்ளே அனுப்புகிறது என்று பார்த்து, அட்டையிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நீளமான ஒரு வாக்கியமாகச் சொல்லி முடிக்க வேண்டும். உதட்டசைவை எதிரணி படித்துவிடக் கூடாது என்றுதான் அட்டையால் வாயை மறைப்பது.

இந்த ரேடியோ 1994-ல்தான் முறைப்படி வந்தது. ஆனால் கிளீவ்லாந்து அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன் 1956-லேயே குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் ரேடியோ வைத்துப் பார்த்துவிட்டார். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். உடனே தடை போட்டது. அவர் அசரவில்லை, ஏற்கெனவே செய்துவந்தபடி, ஒவ்வொரு ப்ளேக்கும் ஒரு ஆட்டக்காரரை உள்ளே அனுப்பி, அவர் வாய்மொழியாகவே சேதி சொல்லவைத்தார்.

கடைசி 15 விநாடியில் கோச்சால் எதுவும் செய்ய முடியாது. எதிரணி கடைசி நேரத்தில் இடம் மாறினால் அதைப் பார்த்துச் சமாளிக்க வேண்டியவர் குவார்ட்டர்பேக். அதனால் அஃபென்ஸ் கோச்சின் உண்மையான வேலை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சொல்வதில் இல்லை, புதன், வியாழனில் கற்றுக்கொடுப்பதில் இருக்கிறது.

‘வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்’ என்று வர்ணனையாளர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். பில் வால்ஷ் என்பவர் கண்டுபிடித்தது என்கிறார்கள். அதில் அப்படி என்ன விசேஷம்? (வங்கி ஊழியர் ஒருவர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெயரில் மேற்குக் கரை இருந்தாலும் அது பிறந்த இடம் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி. பால் பிரவுன் 1968-ல் அங்கே பெங்கால்ஸ் என்ற புது அணியைத் தொடங்கினார். வால்ஷ் அதில் உதவிப் பயிற்சியாளர். 1969-ல் அவர்களுக்கு கிரெக் குக் என்ற இளம் குவார்ட்டர்பேக் கிடைத்தார். அபாரமான கை; தூரத் தூரமாக எறிவார். அந்த சீசனின் ஆரம்பத்திலேயே அவருக்குத் தோளில் அடிபட்டது. வலியோடு அந்த வருடத்தை ஆடி முடித்தார். அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோனது.

அடுத்து வந்தவர் வெர்ஜில் கார்ட்டர். புத்திசாலி, துல்லியமானவர், சுறுசுறுப்பானவர். ஆனால் தூரமாக எறியும் வலு அவர் கையில் கிடையாது. மற்ற பயிற்சியாளராக இருந்தால் ‘நல்ல கை உள்ள ஆளைக் கொண்டுவாருங்கள்’ என்று கேட்டிருப்பார். வால்ஷ் மைதானத்தைத் திருப்பிப் பார்த்தார். நீளவாக்கில் எறிய முடியாது, சரி. அகலம் 53 கெஜத்துக்கு மேல் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துவோம். குட்டிக் குட்டி பாஸ். குவார்ட்டர்பேக் பின்னால் எடுத்துவைக்கும் 3 அடி, 5 அடி எல்லாம் கணக்கு. அந்த அடிக்கும், பாஸைப் பிடிக்கப் போகும் ரிசீவர் ஓடும் அடிக்கும் தாளம் ஒத்துப்போக வேண்டும். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். முதல் ஆள் அடைபட்டிருந்தால் இரண்டாவது, அவரும் இல்லையென்றால் மூன்றாவது என்று பார்க்கும் வரிசையும் முன்கூட்டியே முடிவானது.

1970-ல் பெங்கால்ஸ் முதல் 7 ஆட்டங்களில் 6-ஐத் தோற்றது. அப்புறம் தொடர்ந்து 7 வெற்றி. தங்கள் பிரிவில் முதலிடம். அடுத்த வருடம் எறிந்த பாஸ்களில் சரியாகப் போய்ச் சேர்ந்தவை எத்தனை சதவீதம் என்ற கணக்கில் லீக்கிலேயே முதலில் நின்றவர் இந்த ‘வலுவில்லாத’ கார்ட்டர்தான்.

ஒரு பயிற்சியாளரின் திறமை என்று நான் நினைப்பது இதைத்தான். நோட்டுப் புத்தகம் நிறைய அழகான ப்ளே எழுத நிறையப் பேருக்கு வரும். தன்னிடம் இருக்கிற ஆளைப் பார்த்து அவனுக்கேற்ப ஆட்டத்தைத் தைத்துக்கொடுப்பது சிலருக்குத்தான் வரும்.

இவ்வளவு செய்தும் 1976-ல் பால் பிரவுன் ஓய்வு பெற்றபோது ஹெட் கோச் பதவி வால்ஷுக்குக் கிடைக்கவில்லை. முன்வரிசையில் நின்று தடுப்பவர்களின் கோச்சான (லைன் கோச்) பில் ஜான்சனுக்குப் போனது. வால்ஷ் கிளம்பிவிட்டார். சான் டியேகோவில் ஒரு வருடம், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், கடைசியில் 1979-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். அப்போது அவருக்கு 47 வயது. முதல் வருடம் 2 வெற்றி, 14 தோல்வி. அடுத்தது 6–10. அதற்கடுத்த சீசனில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் வெற்றி, 1982 ஜனவரியில். எதிரணி யார் தெரியுமா? அதே பெங்கால்ஸ். 26–21. 1989-ல் மறுபடியும் அதே பெங்கால்ஸ், 20–16; குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா 34 விநாடி மிச்சம் இருக்கையில் ஜான் டெய்லருக்கு எறிந்த டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது). அந்த வருடம் பெங்கால்ஸின் ஹெட் கோச்சாக இருந்த சாம் வைச், சின்சினாட்டியில் வால்ஷிடம் குவார்ட்டர்பேக்காக இருந்து, பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கே உதவியாளராகவும் இருந்தவர்.

வால்ஷின் இன்னொரு பழக்கம், ஆட்டத்தின் முதல் 15 ப்ளேக்களை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவது. 60,000 பேர் கத்தும்போது, மழையிலும் பதற்றத்திலும் எடுக்கும் முடிவைவிட, மேசை முன் அமைதியாக உட்கார்ந்து எடுக்கும் முடிவு மேல் என்பது அவர் எண்ணம். அந்தப் 15-க்கும் எதிரணி எப்படி நகர்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் இரண்டாவது பாதிக்கு ஆகும்.

1982 ஜனவரி 10, டாலஸ் அணியோடு ஆடிய ஆட்டத்தை முடிந்தால் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் 83 கெஜம் நடந்துவந்து, எல்லைக்கு 6 கெஜத்தில் நிற்கிறார்கள். வால்ஷ் சொன்ன ப்ளே ‘ஸ்பிரின்ட் ரைட் ஆப்ஷன்’. அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் அதே ப்ளேயில் ஃபிரெடி சாலமன் டச் டவுன் போட்டிருந்தார். இந்த முறை சாலமன் அடைபட்டுவிட்டார். மான்டானா மேல் டாலஸ் ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். அவர் பின்வாங்கிக்கொண்டே உயரமாக எறிகிறார். பின்கோட்டுக்கு அருகே டுவைட் கிளார்க் எகிறி விரல்நுனியில் பிடிக்கிறார். பார்ப்பவருக்கு அது அதிர்ஷ்டம் மாதிரிதான் தெரியும். ஆனால் முதல் ஆள் இல்லையென்றால் கிளார்க் எங்கே இருப்பார், பந்து எவ்வளவு உயரத்தில் வரவேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவை.

பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

இருக்கிறார்கள், இன்னும் குறைவுதான். 2020 பிப்ரவரியில் ஃபார்ட்டி நைனர்ஸின் அஃபென்ஸ் உதவிப் பயிற்சியாளராக கேட்டி சோவர்ஸ் இருந்தார். சூப்பர் பௌலில் பயிற்சியாளராக நின்ற முதல் பெண் அவர். அதற்கப்புறம் வேறு அணிகளிலும் பெண்கள் வந்திருக்கிறார்கள்.

2017 சூப்பர் பௌலில் அட்லான்டா 28–3 என்று முன்னிலையில் இருந்து தோற்றது. தப்பு கோஆர்டினேட்டர் மேல்தான் என்கிறான் என் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (மென்பொருள் துறை இளைஞர்)

பாதி சரி என்பேன்.

அந்த சீசனில் அட்லான்டா ஃபால்கன்ஸ் அடித்த புள்ளிகள் 540. லீக்கிலேயே அதிகம். அதைக் கட்டியவர் கோஆர்டினேட்டர் கைல் ஷானஹன். குவார்ட்டர்பேக் மேட் ரையன் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

இறுதி ஆட்டத்தில் இரண்டு தருணங்களைச் சொல்வார்கள். முதலாவது, ஸ்கோர் 28–12, மூன்றாவது வாய்ப்பு, வேண்டியது ஒரே கெஜம். ஷானஹன் பாஸ் சொன்னார். ஓட்டக்காரர் தடுக்கவேண்டிய ஆளைத் தவறவிட்டார், ரையன் கையிலிருந்து பந்து தட்டிப் பறிக்கப்பட்டது. இதை நான் ஷானஹன் கணக்கில் முழுதாக எழுத மாட்டேன். தடுப்பு நின்றிருந்தால் அன்று அந்தப் ப்ளேயைப் பாராட்டியிருப்பார்கள்.

இரண்டாவதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஸ்கோர் 28–20. ஐந்து நிமிடம்கூட மிச்சமில்லை. ஹூலியோ ஜோன்ஸ் ஓரக்கோட்டில் கால்விரல் ஊன்றிப் பிடித்த அந்த அற்புதமான கேட்ச்சால் பந்து எதிரணியின் 22 கெஜக் கோட்டில் இருக்கிறது. மூன்று முறை பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டு, நேரத்தைக் கரைத்து, 3 புள்ளி தரும் ஒரு ஃபீல்டு கோல் உதைத்தால் 11 புள்ளி முன்னிலை. முதல் ஓட்டத்தில் ஒரு கெஜம் இழப்பு. இரண்டாவதில் பாஸ் சொன்னார். ரையன் எறிவதற்குள் 12 கெஜம் பின்னால் வீழ்த்தப்பட்டார். அடுத்து விதிமீறல், இன்னும் 10 கெஜம். உதைக்கும் தூரத்தையே தாண்டிப் போய்விட்டார்கள். பந்தை விட்டுக்கொடுத்தார்கள், எதிரணியான பேட்ரியாட்ஸ் 91 கெஜம் வந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34–28.

வருடம் முழுக்க அவருக்குக் கைகொடுத்தது துணிச்சல்தான். அந்த ஐந்து நிமிடத்துக்குத் தேவைப்பட்டது வேறு குணம். ஹெட் கோச் நினைத்திருந்தால் ரேடியோவில் தலையிட்டு ‘ஓடவிடு’ என்று சொல்லியிருக்கலாம் என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று: ஆட்டம் முடிந்த மறுநாளே ஷானஹன் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெட் கோச்சாக அறிவிக்கப்பட்டார். ஒரு சீசனின் வேலையை ஒரு ப்ளேயை வைத்து எடைபோடாத ஆட்களும் இந்தத் துறையில் இருக்கிறார்கள்.

என் பையன் அமெரிக்காவில் பிளஸ் டூ முடிக்கப் போகிறான். ஆடும் அளவுக்கு உடம்பு இல்லை, ஆனால் கோச் ஆகணும் என்கிறான். பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்கள்தான் கோச் ஆக முடியுமா? (ஒரு தாய்)

இல்லை அம்மா. அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் வேறு கவலைகள் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி கல்லூரி அணியில் கிராஜுவேட் அசிஸ்டன்ட். படித்துக்கொண்டே எடுபிடி வேலையும் வீடியோ வெட்டும் வேலையும். தொழில்முறை அணியில் நுழைவதென்றால் பெரும்பாலும் ‘குவாலிட்டி கன்ட்ரோல்’ என்ற பதவி. எதிரணியின் ஆட்டங்களை ஒவ்வொரு ப்ளேயாகப் பார்த்து, எந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று பட்டியல் போட வேண்டும். அப்புறம் ஒரு பிரிவுக்குக் கோச்: ரிசீவர்கள், லைன், ஓட்டக்காரர்கள், குவார்ட்டர்பேக். பிறகு கோஆர்டினேட்டர். படி தாண்டிப் போகிறவர்களும் உண்டு. ஆண்டி ரீட் தொழில்முறை லீக்கில் கோஆர்டினேட்டராக இருந்ததே இல்லை. கிரீன் பே அணியில் குவார்ட்டர்பேக் கோச்சாக இருந்தவரை ஃபிலடெல்ஃபியா 1999-ல் நேரே ஹெட் கோச் ஆக்கியது.

அந்த ரீட் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். 1980-களில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் என்ற, பணவசதி இல்லாத கல்லூரி அணியில் லைன் கோச். அணிக்கு நிதி சேர்க்க வளாகத்தில் ஹாட் டாக் விற்றிருக்கிறார். பிறகு வரிசையாக மூன்று கல்லூரிகள். 1992-ல் அவரைக் கிரீன் பேவுக்கு அழைத்துப்போன மைக் ஹோம்கிரென் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். ரீடிடம் பின்னாளில் கோஆர்டினேட்டராக இருந்த டக் பீடர்சன், குவார்ட்டர்பேக்காக ஆடி ஓய்வு பெற்றபின் லூசியானாவில் ஒரு பள்ளி அணிக்கு நான்கு சீசன் கோச்சாக இருந்தார். 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு சூப்பர் பௌல் வாங்கிக்கொடுத்தவர் அவர்தான், அதுவும் முதல் குவார்ட்டர்பேக் அடிபட்டு, மாற்று ஆள் நிக் ஃபோல்ஸை வைத்து.

என் மகன் சான் ஹோசேயில் பள்ளி அணியில் லைன்மேனாக ஆடிய வருடங்களில், ஆட்டத்தை வீடியோ எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. முதல் வாரமே அஃபென்ஸ் கோச் வந்து, “பந்தைத் துரத்தாதீங்க. 22 பேரும் ஃபிரேமுக்குள்ள இருக்கணும்” என்றார். சனிக்கிழமை காலை அந்தப் படத்தைப் போட்டு, பந்துக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் நிற்கிற பையனின் இடது காலை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். அவன் கால் ஆறங்குலம் அகலமாகப் போனதால்தான் அந்தப் பக்கம் ஓட்டம் அடைபட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் மகனுக்கு அப்படிப் பார்ப்பதில் அலுப்புத் தட்டவில்லை என்றால், அவன் இதற்குப் பொருத்தமானவன்.

கவலை என்றேனே. ஹெட் கோச்சை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் கூண்டோடு போக வேண்டியதுதான். சீசன் முடிந்த மறுநாளைக் ‘கறுப்புத் திங்கள்’ என்றே சொல்வார்கள். வீடு, பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை எல்லாம் ஊர் ஊராக மாறும். வரப்போகிற மருமகளுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

எரிக் பியெனமி இத்தனை வெற்றிக்குப் பிறகும் ஹெட் கோச் ஆகவில்லையே, ஏன்? (நீண்ட நாள் வாசகர்)

ஆண்டி ரீட் ஹெட் கோச்சாக இருந்த கன்சாஸ் சிட்டி அணியில் 2018 முதல் 2022 வரையிலான 5 சீசன்கள் அவர்தான் கோஆர்டினேட்டர். அதில் இரண்டு சூப்பர் பௌல் வெற்றி. அதே நாற்காலியில் அவருக்கு முன் இருந்த பீடர்சனும் மேட் நேகியும் உடனுக்குடன் ஹெட் கோச் ஆனார்கள். ப்ளே சொல்வது ரீட்தானே என்று காரணம் சொன்னார்கள். ரீட் சொல்வதுதான் பெரும்பாலும், உண்மை. ஆனால் முந்தைய இருவருக்கும் அது தடையாக இருக்கவில்லையே! பியெனமி கறுப்பினத்தவர். ஹெட் கோச் இடம் காலியானால் சிறுபான்மையினரையும் நேர்காணல் செய்ய வேண்டும் என்று 2003-லேயே லீக் ‘ரூனி விதி’ கொண்டுவந்தது. அழைத்துப் பேச வைக்கத்தான் விதியால் முடிந்தது. அவர் 2023-ல் வாஷிங்டனுக்கு மறுபடியும் கோஆர்டினேட்டராகவே போனார். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ப்ளே நன்றாக வந்தால் ஆட்டக்காரரைப் பாராட்டுகிறோம். அதில் கோச்சின் கை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கல்லூரிப் பேராசிரியர்)

பந்தைப் பிடித்தவரைச் சுற்றி ஆளே இல்லையென்றால், அங்கே கோச்சின் கை இருக்கிறது.

2023 பிப்ரவரி சூப்பர் பௌல், ரீடின் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும். ரீட் 14 வருடம் நடத்தி, 2012-ல் 4–12 என்று முடித்து வெளியேற்றப்பட்ட அதே ஃபிலடெல்ஃபியா. நான்காம் கால் பகுதியில் சீஃப்ஸ் எல்லைக்கு 5 கெஜத்தில். கடேரியஸ் டோனி என்ற ரிசீவர் பந்து கிளம்பும் முன்பே பக்கவாட்டில் உள்ளே ஓடத் தொடங்குகிறார். மறுபக்கம் போகப்போகிறார் என்று எதிரணி அவரை அடுத்தவரிடம் ஒப்படைத்து நகர்கிறது. டோனி சட்டென்று நின்று, வந்த வழியே வெளியே திரும்புகிறார். பக்கத்தில் யாரும் இல்லை. டச் டவுன். சற்று நேரத்தில் மீண்டும் எல்லைக்கு 4 கெஜத்தில். இந்த முறை ஸ்கை மூர், மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில், அதே தந்திரம். மறுபடியும் பக்கத்தில் யாரும் இல்லை.

ஈகிள்ஸ் உள்ளே ஓடும் ஆளை எப்படிக் கைமாற்றுவார்கள் என்பதை வாரக்கணக்கில் படம் பார்த்துக் குறித்துவைத்ததன் பலன் அது. குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் அசாத்தியக் கை அந்த இரண்டு பாஸுக்கும் தேவைப்படவே இல்லை. பள்ளிக்கூடப் பையன்கூட எறிந்திருப்பான். முடிவு 38–35. அடுத்த முறை நேரலை பார்க்கும்போது, பந்து கிளம்பும் முன் யார் நகர்கிறார், அவரோடு எதிரணியில் யார் நகர்கிறார் என்பதை மட்டும் ஒரு கால் பகுதி முழுக்கப் பாருங்கள். ஸ்கோர் என்னவென்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.